இடது கைக் கத்தி

இடுக்கியில் பிடித்த கத்தியைத் தணலிலிருந்து வெளியே இழுத்து, கம்பியில் கட்டிய காந்தத்தை அதன் முதுகில் வைக்கிறார். ஒட்டுகிறது. "இன்னும் வேகலை" என்று மறுபடி உள்ளே தள்ளுகிறார். காந்தம் ஒட்டாமல் போகிற சூடு வந்த பிறகுதான் எஃகை எண்ணெயில் தோய்க்கலாம் என்பது, பல கத்திகளைப் பாழாக்கி அவரே கண்டுபிடித்தது.

அவருக்குத் தொழில் லிஃப்ட் ரிப்பேர். காந்தக்காரர் என்றால்தான் பழைய இரும்புக் கடையில் ஆளைத் தெரியும். தேய்ந்த அரம், பல் போன ரம்பம், லாரி வில் பட்டை என்று அங்கே கிடப்பதையெல்லாம், நல்ல எஃகுதானா என்று தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். கடைக்காரர் வேடிக்கை பார்த்துச் சலித்து, இப்போது ஸ்டூலே போட்டுக் கொடுத்துவிடுகிறார். வாங்கியதெல்லாம் வீட்டில் கட்டிலுக்கடியில். "இந்த வீட்டுல கத்தியாகாம மிச்சம் நான் ஒருத்திதான்" என்பார் மனைவி.

அந்த அம்மாளுக்கு எட்டு மாதமாக வலது கை விளங்கவில்லை. அவர் வெங்காயத்தைத் தொட்டால் போதும், இவர் ஓடிப்போய்ப் பிடுங்கி நறுக்கிவிடுவார். ஒருநாள் அம்மாள் நிதானமாகச் சொன்னார்: "எனக்கு ஆள் வேணாங்க. இந்தக் கைக்குத் தோதா ஒரு கத்தி குடுங்க."

சுருக்கென்று தைத்தது. அன்றே வேலையை ஆரம்பித்தார். பிடி அலகுக்கு நேர் மேலே, இடது கையால் அழுத்தினாலே வெட்டும்படி ஒரு கத்தி. முதலாவது இன்ன எஃகு என்று தெரியாத துண்டு. எண்ணெயில் இறங்கியதுமே விரிசல் விட்டது. இரண்டாவது நன்றாக இறுகியது. ஆனால் இறுகிய எஃகை மிதமான சூட்டில் மறுபடி வாட்டாவிட்டால் அது நொறுங்கும். அவசரக்குடுக்கை, வாட்டாமலே கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டாவது கேரட்டில் விளிம்பு தெறித்தது. அம்மாள் கத்தியைத் தள்ளி வைத்ததுதான் அவரை ஒரு வாரம் அரித்தது.

மூன்றாவது இது, பழைய அரத்தில் செய்தது. இப்போது காந்தம் ஒட்டவில்லை. எண்ணெயில் இறக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். விரிசல் விடும் சத்தமில்லை. இன்னோர் அரத்தால் உரசினால் வழுக்குகிறது; நன்றாக இறுகிவிட்டது. இந்த முறை மறக்காமல் சமையலறை ஓவனில் இரண்டு மணி நேரம் வாட்டுகிறார்; அலகு வைக்கோல் நிறமாகும் வரை இடத்தை விட்டு அசையாமல் காவல் இருக்கிறார்.

மறுநாள் பிடி போட்டு, தீட்டி, மனைவி முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்காருகிறார். அம்மாள் இடது கையால் அழுத்துகிறார். வெங்காயம் இரண்டாகிறது. ஒரு பாதி மேசை விளிம்புக்கு உருண்டு ஓடுகிறது. பிடிக்கப் பாய்ந்த தன் கையை இவர் பாதியில் இழுத்து, தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொள்கிறார்.