கமலா சிஸ்டரின் நரிவெங்காயம்

டிசம்பர் புயலில் வேளச்சேரி நாள்கணக்காகத் தண்ணீரில் கிடந்ததே, அதற்கு அடுத்த கோடை. ஓட்டுப் போட்ட மை என் விரலில் இன்னும் அழியவில்லை. பெரும்பாக்கத்திலிருந்து அடையாறுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தெரு வாட்ச்மேன் போன் செய்தான். "தாத்தா, எங்க வந்துகினு கீற? சிஸ்டர் காலைல போய்ட்டாங்க." என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே நடந்தேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடைப் பெண் எழுதுகிறாள். நம் தெருவில் கமலா சிஸ்டர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர் யார்? அந்த சிஸ்டரை நீங்கள் அறிவீர்கள். அவர் வீட்டுத் தோட்டக்காரனாக நான் அறிந்தது, பின்பக்கத்து மண்ணில் நின்ற சிஸ்டரை.

சுனாமிக்கு மறு வருஷம் என்று நினைவு. ஊரூர் குப்பத்தை ஒட்டிய காலி மணலில் யாரோ வீடு கட்டக் கடைக்கால் தோண்டினார்கள். வாரிக் கொட்டிய மணலில், வெங்காயம் மாதிரியே இருக்கும் காட்டுக் கிழங்கு, நரிவெங்காயம் உருண்டு கிடந்தது. சிஸ்டர், ஆட்டோ ஓட்டிய காசிம் பாய், நான், மூன்று பேரும் ஒரு சாக்கோடு போனோம். அள்ளும்போதே கை அரிக்கும், தின்றால் விஷம். "இன்னா சிஸ்டர், இத்த சாம்பார்ல போட்டா தெருவே காலி" என்றார் பாய். "மொத கிண்ணம் உனக்குத்தான் பாய்" என்றார் சிஸ்டர்.

பின்பக்கத்துப் பாத்தியில் நட்டோம். மழைக்கு இலை விட்டது. பனி முடிவதற்குள் இலை கருகி, பாத்தி மொட்டையானது. செத்துவிட்டது, கனகாம்பரம் வைக்கலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன். சிஸ்டர் காம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எல போனா செத்துச்சின்னு எழுதிடுவியா? ரெண்டு வாட்டி பாக்காம வார்டுல நான் ஒருத்தரையும் எழுதுனதில்ல, மாரி."

பங்குனி வெயிலில், இலைக்கு முன்னால், மழைக்கு முன்னால், அந்த மொட்டை மண்ணிலிருந்து விளக்குமாற்றுக் குச்சி போலத் தண்டு எழுந்தது. பொழுது சாய, பழுப்பும் பச்சையுமாகச் சின்னப் பூ, தலை குனிந்தபடி. மறுநாள் காலையில் வாடிவிடும். அழகான பூ என்று சொல்ல மாட்டேன். சிஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அதன் பிறகு வருஷா வருஷம் அப்படித்தான். இலை இல்லாத மாதங்களில் தண்ணீர் காட்ட விடமாட்டார். "பசிக்காத வாய்ல சோத்தத் திணிக்காத" என்பார்.

இந்தத் தை மாதம் இடுப்பு முறிந்து படுத்தார். தம்பி மகன் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் பேசி முடித்திருந்தான். சிஸ்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். இந்த ஒரு பூவைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

ஆள் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தார். பூவுக்கு முன் இவர் போய்விடுவாரோ என்று எனக்கு பயம். அங்கேதான் நான் கெட்டேன். சீக்கிரம் எழட்டும் என்று, யாருக்கும் சொல்லாமல் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினேன். வந்த நாளெல்லாம் ஊற்றினேன்.

பங்குனி பாதி போயும் ஒன்றும் வரவில்லை. தோண்டினேன். கிழங்கெல்லாம் கொழகொழவென்று விரலோடு வந்தது.

உள்ளே போனேன். பூத்துதா என்று கேட்டார். மூன்று தண்டு வந்திருக்கிறது, நாளைக்குப் பூத்துவிடும் என்றேன். சிஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். நான் என்னையறியாமல் சொறிந்துகொண்டிருந்தேன்.

"தோண்டுனியா?"

கையைப் பின்னால் மறைத்தேன்.

"தண்ணி ஊத்துனியா?"

தலையை ஆட்டினேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கேட்டது இதுதான்: "ரெண்டு வாட்டி பாத்தியா?"

போய் மறுபடி தோண்டினேன். சுவர் ஓரம், தண்ணீர் எட்டாத மூலையில், ஒரு கிழங்கு கல்லு மாதிரி இருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "வெச்சிடு" என்றார். வைத்தேன். அதன் பிறகு அவர் பூவைப் பற்றிக் கேட்கவில்லை. அது பூக்கவும் இல்லை.

அவரை எடுத்துக்கொண்டு போன அன்று, பந்தல்காரர்கள் மூங்கில் நட அந்தச் சுவர் ஓரத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு முன் கிழங்கை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். இப்போது பெரும்பாக்கத்தில் என் ஆறாவது மாடி வீட்டில், பெயின்ட் வாளியில், காய்ந்த மணலில் கிடக்கிறது. உயிர் இருக்கிறதா, தெரியாது. ஒரு வாட்டிதான் பார்த்திருக்கிறேன்.

சாக்கோடு போனது மூன்று பேர். காசிம் பாய் கொரோனாவில் போனார். இப்போது சிஸ்டர். அதற்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று தெரிந்தவன் இனி ஒருத்தன்தான்: எல்லம்மா மகன் மாரி.