ரீச்சருக்குச் சொன்ன "வேண்டாம்"

சிட்னிக்கு வந்த புதிதில் பிளாக்டவுனில் ஓர் ஆங்கில வகுப்புக்குப் போனேன். எல்லோரும் எங்கள் தமிழ் ஆட்கள்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, எத்தனை தரம் பிழைவிட்டாலும் சலிக்காமல் சொல்லித் தந்த அந்த வெள்ளைக்கார ரீச்சர் மேல் உயிர்.

ஒருநாள் அவர், தன் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக நாங்கள் நாட்டை விட்டு வந்த கதையைப் பதிவு செய்யலாமா என்று, மொழிபெயர்க்கும் பிள்ளையைக் கொண்டு கேட்டார். அவள் சொல்லி முடிக்கும் முன்பே வகுப்பு முழுவதும் "ஓம் ரீச்சர்" என்றது. நானும்தான். படிப்பிக்கிறவர் கேட்டால் எப்படி மறுப்பது? ஆனால் போரில் போன என் மகனைப் பற்றி ஒலிப்பதிவில் பேச எனக்கு மனமில்லை.

அடுத்த நாள் ரீச்சர் வரவில்லை. அந்தப் பிள்ளை எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டாள்.

"அன்ரி, எல்லாரும் உடன ஓம் எண்டது, தான் கேட்டதாலதானோ எண்டு ரீச்சருக்குப் பயமாப் போச்சுதாம். உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ. ஆர் வேண்டாம் எண்டது எண்டு இந்த வகுப்புகள் எல்லாம் முடியுமட்டும் அவவுக்குத் தெரியாது."

"கோவிக்க மாட்டாவே?"

"அவதானே என்னை அனுப்பினவ."

"அப்ப எனக்கு வேண்டாம், பிள்ளை."

மறுபடி ரீச்சரைக் கண்டபோது மனம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ரீச்சர், மீ நோ. சொறி" என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

மறுத்தால் அன்பு போய்விடும் என்று பயந்தே இத்தனை காலம் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லி வந்தவள் நான். அன்றைக்கு எனக்கு அந்தப் பயம் விட்டுப் போனது.