ஒற்றை ஆட்டக்காரி

சித்தி என்றால் யாருக்குச் சித்தி என்று கேட்கக் கூடாது. அந்தக் கோல்ஃப் தொடரில் ஆடிய அத்தனை பெண்களுக்கும் அவள் சித்திதான். அவர்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது, இவளுக்கு முப்பத்தொன்பது. பெயரை வைத்தவள் நெட்டச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிற உயரமான பெண். சித்திக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு, கூப்பிடுகிற வாயா பந்தைக் குழிக்குள் தள்ளப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

பெரிய போட்டிகளுக்கு ஆட்களைத் தயார்செய்யும் தொடர் அது. பதினான்கு வாரம், பதினான்கு ஊர். கடைசியில் புள்ளிப் பட்டியலில் முதல் நாற்பது பேருக்கு அடுத்த வருடமும் இடம் உண்டு. மற்றவர்கள் ஐந்து நாள் தேர்வாட்டத்தில் நூற்றுக்கணக்கான புதுமுகங்களோடு முட்டிமோதித்தான் மறுபடி உள்ளே வர வேண்டும். சித்தி ஏற்கெனவே மூன்று முறை அப்படி முட்டிமோதி வந்தவள்.

மிச்ச மாதங்களில் அவள் ஒரு பல் டாக்டரின் முன்னறையில் டோக்கன் கொடுப்பாள். இந்த ஆட்டத்துக்கு அவள் வந்ததே தாமதம். இருபத்தாறு வயதில் ஒரு பயிற்சி மைதானத்தில் பந்து வாடகைக்குக் கொடுக்கும் வேலை. ஆட்கள் போனபின் மிஞ்சிய பந்துகளை அடித்துப் பார்த்தாள். அடிக்க அடிக்க ஆசை வந்தது, ஆசையோடு கையும் வந்தது. சரக்கு வேன் ஓட்டுகிற நாத்தனார், இந்தத் தொடருக்கு வேனோடு வந்து மட்டைப் பையைத் தூக்கினாள். நாத்தனாரும் அண்ணியும் பதினான்கு வாரம் ஒரே வேனில் படுத்து எழுந்தும் அடித்துக்கொள்ளவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அடித்துக்கொண்டார்கள்தான். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று வாரத்துக்கு ஒரு சண்டை உண்டு.

தொடர் தொடங்கிய அன்றே போட்டி மேலாளர் சித்தியைத் தனியே அழைத்தார். நல்ல மனுஷர், தேனாய்ப் பேசுவார். "இது வளர்ற பிள்ளைங்களுக்கான இடம்மா. நீங்க ஒரு இடத்தை அடைச்சுக்கிட்டா ஒரு பிள்ளைக்கு இல்லாம போகுது" என்றார்.

"எனக்கு யாரும் இடம் தரலை சார். ஆடி வாங்கினேன்" என்றாள் சித்தி.

பதில் சொல்வது சுலபம், ஆடுவதல்லவா பாடு. பதின்மூன்று ஊர் முடிந்தபோது பட்டியலில் அவள் நாற்பத்தாறாவது. கடைசி ஊரில் இரண்டு நாள் ஆட்டம் முடிந்து பாதிப் பேரைக் கழித்தார்கள். தங்கியவர்கள் அறுபத்தொரு பேர். இழுபறியாகத் தங்கிய கடைசி ஆள் சித்தி. கடைசி நாளான மூன்றாம் நாள் இருவர் இருவராக ஆட வேண்டும். அறுபத்தொன்றை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். மிஞ்சியது சித்தி. காலை ஏழு மணிக்கு, எல்லோருக்கும் முன்னால், தன்னந்தனியாகக் கிளம்பச் சொன்னார்கள்.

தன் அடிகளைத் தானே எழுதிக்கொள்ளக் கூடாது என்பது விதி. எழுதுவதற்குக் கிளப் ஓர் உறுப்பினரை அனுப்பியது. ஓய்வுபெற்ற கண் டாக்டர். இரண்டாம் குழியிலேயே மணிக்கட்டை எப்படித் திருப்ப வேண்டும் என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். "ஐயா, நீங்க எழுதுங்க, நான் அடிக்கிறேன்" என்றாள் சித்தி. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்பதாம் குழிவரை பேசவில்லை. நாத்தனாருக்குப் பரம திருப்தி.

குழியைச் சுற்றிய புல்லெல்லாம் பனி. பந்து பாதியிலேயே நின்றுவிடும். முன்னால் ஆடிப்போனவர் ஒருவரும் இல்லை, பார்த்துக் கற்க வழியில்லை. சித்தி இரண்டு குழிகளில் அளவைப் பிடித்துக்கொண்டாள்: கண் சொல்வதைவிட ஒரு முழம் கூடுதலாகத் தள்ள வேண்டும். அதற்குப்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. அடி குறையக் குறையத்தான் ஆட்டம் உசத்தி; எழுபத்திரண்டு அடியில் முடித்தாலே நல்ல ஆட்டம் என்கிற மைதானத்தில் அறுபத்தாறு அடியில் முடித்தாள். மணி பத்துகூட ஆகவில்லை. கண் டாக்டர் அடிக்கணக்கு எழுதிய அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

முடித்தவர்கள் வழக்கமாகக் கிளம்பிவிடுவார்கள். சித்தி கிளம்பவில்லை. இடப்பட்டியல் பலகைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பதினொரு மணிக்குக் காற்று எழுந்தது. மதியத்துக்குள் அது பேய்க்காற்றாகிவிட, முன்னணியில் இருந்த பிள்ளைகள் பந்தைத் தண்ணீரிலும் புதரிலும் போட்டுத் தவித்தார்கள். ஒவ்வொருத்தியும் இறங்க இறங்க, உட்கார்ந்த இடத்திலேயே சித்தி ஏறினாள். அந்த ஊர்ப் போட்டியில் அவள் இடம் முப்பத்தெட்டு, இருபத்தேழு, இருபது.

"அண்ணி, நீங்க ஆடாம இருக்கும்போதுதான் நல்லா ஆடுறீங்க" என்றாள் நாத்தனார்.

மேலாளர் மூன்று முறை அந்தப் பக்கம் போனார். மூன்றாம் முறை, இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள்.

நாலரை மணிக்கு நிலைமை இதுதான்: வருடப் பட்டியலில் சித்தி நாற்பதாவது. ஆடி முடிக்காமல் மிச்சமிருந்த ஒரே ஆள் நெட்டச்சி. கடைசிக் குழியில் அவளுக்கு ஆறடித் தூரம். பந்து உள்ளே போனால் நெட்டச்சி நாற்பது, சித்தி நாற்பத்தொன்று. போகாவிட்டால் சித்திக்கு இடம்.

சித்தி எழுந்து, கடைசிக் குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் போய் நின்றாள். அந்தப் பெண் தவறவிட வேண்டும் என்று மனசார விரும்பினாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வாய்ப்புக்கு முன்னால் நின்றுகொண்டு நல்லவள் வேஷம் போட அவளுக்கு வராது.

பந்து விளிம்பில் தயங்கியது, பிறகு விழுந்தது.

நெட்டச்சி வெளியே வந்தாள். சித்தியைக் கண்டதும் முகம் வாடிவிட்டது. "சாரி சித்தி."

"எதுக்குச் சாரி? நீ தப்பா அடிக்கணும்னு இங்க நின்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். அதையும் மீறி உள்ள போட்டுட்ட. போ, போய் அட்டையில கையெழுத்துப் போடு."

நெட்டச்சி சிரித்தாள், அப்புறம்தான் அழுகை வந்தது. சித்திக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. ஒரே ஒரு இடம். ஒரே ஒரு ஆறடி. நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சித்தி நேரே மேலாளரின் அறைக்கு நடந்தாள்.

அவர் எழுந்து நின்று வரவேற்றார். அவளைத் தேற்றுவதற்கு வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தார். இன்று காலை ஆடியதைப் போல ஓர் ஆட்டத்தோடு விடைபெறுவது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்றார். அவர் முடிக்கும்வரை சித்தி பொறுத்திருந்தாள். பிறகு, தேர்வாட்ட விண்ணப்பம் ஒன்று வேண்டும் என்றாள்.

"இப்பவே எதுக்கும்மா? வீட்டுக்குப் போய் நிதானமா யோசிச்சுட்டு..."

"காலைலேர்ந்து வெளிய அந்த நாற்காலியில உக்காந்து வேற என்ன சார் பண்ணிட்டிருந்தேன்? பேனா குடுங்க."