டிரைவர் பாட்டு இருந்த பென்டிரைவ்

தங்கை ஜெயித்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் அண்ணனுக்கு மூச்சு வாங்கும். எட்டு வயதில் மூளைக்காய்ச்சலை ஜெயித்தாள். பள்ளிக்கூடம்தான் போனது, உயிர் போகவில்லை. ஓட்டல் சலவைக்கூடத்தில் பெண்களைத் தொடவே விடாத நீராவி இஸ்திரி இயந்திரத்தைச் சண்டை போட்டு வாங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாமலே அந்தக் கூடத்துக்கு மேற்பார்வையாளர் ஆனாள். வேண்டாமென்று வீடே குதித்தபோதும் பிடித்த லாரி டிரைவரையே கட்டிக்கொண்டாள். குதித்தவர்கள் பிறகு அவர் வண்டியில்தான் சாமான் ஏற்றினார்கள்.

அந்த மாப்பிள்ளைக்குப் பாட்டு என்றால் உயிர். பாட்டுக்குத்தான் அவரைப் பிடிக்காது. வெளியூர் போனால் லாரியை ஓரங்கட்டி, சொந்தமாக வரி கட்டிப் பாடி, போனில் அனுப்புவார். "இதுக்கு உங்க ஹாரனே தேவல" என்று அவள் பதில் சொல்வாள்.

ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். அந்தப் பாட்டுகளையும் அவர் படங்களையும் அவள் ஒரு பென்டிரைவில் ஏற்றி வாங்கினாள். பிறகு போன் கெட்டது. மிஞ்சியது விரல்நுனி அளவுள்ள அந்த ஒன்றுதான். வேலை முடிந்து வந்ததும் டிவியில் செருகி, ரிமோட்டில் நடுப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவாள். படங்கள் ஒவ்வொன்றாக ஓட, பின்னால் அவர் பாடுவார். அந்த இரண்டு அழுத்தல்தான் அவளுக்குத் தெரிந்த வழி.

டிவி பழுதாகி, புதிது வந்தது. மாட்டிக் கொடுக்க அண்ணன் போயிருந்தார். பூட்டு ரிப்பேர் செய்பவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பென்டிரைவைச் செருகியதும் திரையில் ஏதோ எழுத்து வந்தது.

"அண்ணே, என்னமோ கேக்குது பாரு."

"இரு, கண்ணாடிய எடுத்துக்கறேன்."

"நீ எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும். எப்பவும் ரெண்டு தடவதான்."

அழுத்திவிட்டாள். பதிவு செய்ய இதைத் தயார் செய்யவா என்று முதலில் கேட்டது. உள்ளே இருப்பதெல்லாம் அழியும், சரியா என்று அடுத்துக் கேட்டது. அண்ணன் 'அழியும்' என்று வாய்விட்டுப் படித்தபோது திரையில் நீலக்கோடு முழுக்க ஓடி முடிந்திருந்தது.

"பாட்டு எங்கண்ணே?"

அவர் அதை உருவினார். பூட்டுத் துவாரத்தில் தூசி ஊதுவதுபோல் ஊதி, மறுபடி செருகினார். ஒன்றுமில்லை. மறுபடி ஊதினார். அவருக்கு வேறென்ன தெரியும்?

மறுநாள் வேலை உடுப்போடேயே அவள் வந்தாள். அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்குப் போனார்கள்.

"முயற்சி பண்றேன்மா. வந்தா உண்டு. வராட்டி மொத்தமா போயிரும். அதுக்குச் சம்மதம்னு ஒரு கையெழுத்து வேணும்" என்றார் கடைக்காரர்.

"கைநாட்டு வைக்கறேன்."

"மை டப்பா எல்லாம் இப்ப யாரும்மா வச்சிருக்கா? கூட வந்தவர் போட்டாலும் சரிதான்."

அண்ணன் பேனாவை எடுத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கீழ வை. அவரு மொத்தமா போனாலும் பரவால்லன்னு நீ எப்படிண்ணே சொல்லலாம்?"

"சும்மா ஒரு கையெழுத்துதானே."

"சும்மாவா? அப்ப நான் போட்டுக்கறேன்."

உடுப்பில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இதுல என் பேருதானே இருக்கு?"

"ஆமா."

அதைப் பார்த்து வரையத் தொடங்கினாள். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கடைசி எழுத்துக்கு முன்னால் பேனா நின்றது.

"இதையும் போட்டுட்டா சம்மதம்னு ஆயிருமா?"

"ஆயிரும்மா."

"போடாம இருந்தா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த எழுத்தையும் போட்டாள்.

அடுத்த வாரம் படங்கள் வந்தன. சிலவற்றில் பாதி முகம் சாம்பல் நிறம். பாட்டு ஒன்றுகூட வரவில்லை. அண்ணன் வேறு கடைகளிலும் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் கையை விரித்தார்கள்.

தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.