கோணல் தோளுக்குப் பின்னிய ஸ்வெட்டர்

ஷூச்சின் அடுத்தவளின் ஸ்வெட்டரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள் என்றுதான் எங்கள் ஆலைக் குடியிருப்பில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. அவள் ஓடவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. நான் அங்கேதான் இருந்தேன், ஈரத் தலையோடு, ஒரு காலில் மட்டும் காலுறை மாட்டியபடி.

மியாவ் ஷூச்சின் எனக்கு எதிர் அறைக்காரி. வடகிழக்குச் சீனாவில், ஜிலின் நகரத்தில் ஆற்றை ஒட்டி இருந்த எந்திர ஆலையில் இரண்டு பேருக்கும் வேலை. குடியிருப்பு என்றால் ஒரு நீளத் தாழ்வாரம், இரண்டு பக்கமும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். அடுப்புகள் தாழ்வாரத்தில். ஒருத்தி புளித்த முட்டைக்கோஸைக் கொதிக்க வைத்தால் எல்லோர் தலையணையிலும் அந்த வாசம் ஏறிவிடும். அந்த ஒற்றை அறையில் ஷூச்சின், அவள் கணவன் தெங் வான்ஷான், மகள் சியாவ்மான் மூவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள்.

ஷூச்சினுக்குக் கிரேன் ஓட்டும் வேலை. கூரைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் உட்கார்ந்து வலது பக்க ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே நிற்பவன் கை காட்டுவான், இவள் இரும்பைத் தூக்குவாள், இறக்குவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே ஜன்னல், அதே எட்டிப் பார்ப்பு. வலது தோள் இறங்கிப் போயிற்று. சும்மா நிற்கும்போதும் ஒரு கையில் தண்ணீர் வாளி தூக்கி நிற்பவள் மாதிரி இருப்பாள். கடையில் தைத்து விற்கும் எந்தச் சட்டையும் அவள் உடம்பில் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை.

அந்தக் காலத்தில் பின்னல் தெரியாத பெண் எங்கள் ஆலையில் கிடையாது. கூட்டத்தில் மேடை மேல் ஒருவர் செய்தித்தாளை வாசிப்பார். கீழே பெஞ்சுகளில் ஊசிகள் டிக் டிக் என்று ஓடும். கம்பளி நூல் எல்லோருக்கும் எட்டாது. ஆலை கொடுக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறைகளை மாட்டாமல் சேர்த்து வைத்துப் பிரிப்போம். சுருள் சுருளாக வரும் நூலைச் சிட்டமாகச் சுற்றிக் கெட்டில் ஆவியில் காட்டி நிமிர்த்தி, சாயம் போட்டு, உடுப்பாகப் பின்னிவிடுவோம். தெங்கின் உள்ளாடை, சியாவ்மானின் சட்டை, குல்லா எல்லாமே ஷூச்சினின் கையுறைகள்தான். குளிர்காலத்தில் கிரேன் நெம்புகோலை வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அவள் வெறுங்கையால்தான் பிடித்தாள். அந்த வீடு கதகதப்பாக இருந்தது அவள் உள்ளங்கைத் தோல் உரிந்ததால். இதை அந்த வீட்டில் யாராவது ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னார்களா? இல்லை.

நல்ல கம்பளி ஒரே ஒரு தரம் அவளுக்கு வாய்த்திருந்தது. கல்யாணத்துக்கு வந்த சிவப்பு நூல். அதில் தனக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். மாமியாருக்கு நெஞ்சுச் சளி என்றதும் அதைப் பிரித்து அவருக்கு மேல்சட்டை ஆக்கினாள். அவர் காலமான பின், கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போக நல்ல உடுப்பு இல்லை என்றார்கள், மறுபடியும் பிரித்தாள். அவன் அதன் முழங்கைப் பக்கத்தைத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்ததும் சியாவ்மானுக்கு ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் "இந்த முறை உனக்குத்தான்" என்று தெங் சொல்வான். சொல்வதோடு சரி.

பிறகு ஹைலார் புல்வெளிப் பக்கம் வேலை பார்த்த அவள் அண்ணன் ஒரு தடவை வந்தான். பை நிறையக் கரும்பச்சைக் கம்பளி. அதை அவள் மடியில் கொட்டிவிட்டு, தெங்குக்கும் கேட்கும்படி சொன்னான்:

"இது உனக்கு மட்டும் தாம்மா. வேற எவனுக்காவது பின்னினதாக் கேள்விப்பட்டா, இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அதைப் பின்னினாள். கூட்டத்தில் பின்னினாள், கீழே ஆட்கள் சங்கிலி மாட்டும் நேரத்தில் கிரேன் பெட்டிக்குள்ளும் பின்னினாள். என் அறைக்கு வந்து என்னை அளவெடுக்கச் சொன்னாள். வலது தோளில் சில வரிசை குறைத்தாள். குனியும்போது இடுப்பில் காற்று ஏறாமல் இருக்க முதுகுப் பக்கத்தை நீளமாக விட்டாள். முன்பக்கம் கோதுமைக் கதிர் மாதிரி மேலிருந்து கீழே ஒரு பின்னல்.

"கதிர் ஒரு பக்கம் சாஞ்சு போகுதேடி" என்றேன்.

"கையில பாத்தா சாயும். போட்டா சாயாது. என் எலும்பைத் திருப்ப முடியாதுல்ல, பின்னல் கண்ணியைத்தான் திருப்பணும்."

முடிந்ததும் என் கண்ணாடி முன்னால்தான் போட்டுப் பார்த்தாள். தோள் இரண்டும் சமமாகத் தெரிந்தன. கதிர் நேராக இறங்கியது.

"ஏண்டி, நிமிந்துட்டியே!" என்று கத்திவிட்டேன். அவள் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புத்தாண்டு அன்றைக்குப் போடுவேன் என்று சொல்லி, அலசித் தாழ்வாரக் கொடியில் காயப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்குத்தான் பாங் வந்தார். வீடு ஒதுக்கும் அதிகாரி அவர்தான். ஆலைக்குப் பின்னால் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில், தனிச் சமையலறையோடு வீடுகள். யார் வீட்டில் எவ்வளவு நெருக்கடி என்று பார்க்க வந்தவர் மனைவி யாவ் ரூயிங்கையும் அழைத்து வந்திருந்தார். அவளுக்கு அங்கே என்ன வேலையோ! கொடியில் தொங்கிய ஸ்வெட்டரை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "யார் கை வேலை? நல்லாருக்கே" என்றாள். அவ்வளவுதான். தெங் அதைக் கேட்டுவிட்டான். ஈரம் காய்ந்ததும் செய்தித்தாளில் சுற்றி, அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

இரண்டு நாள் ஷூச்சினுக்குத் தெரியாது. பெட்டியில் மடித்து வைத்திருப்பான் என்று நினைத்திருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தவள் தாழ்வாரத்துக்கு வந்து ஒவ்வொரு கொடியாகத் தேடினாள். கொடியிலிருந்து திருட்டுப் போயிற்றென்று நானும் கூடத் தேடினேன். தெங் சோளக் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"தேடாத. பாங் வீட்டு அண்ணிக்குக் குடுத்துட்டேன்."

"எதக் குடுத்த?"

"ஸ்வெட்டரத்தான். என்னமோ சொத்த எழுதிக் குடுத்த மாதிரி கேக்கற! சமையலறையோட வீடு வரப்போகுது. உனக்கும் சேத்துத்தான். நூல்தானே, இன்னொண்ணு பின்னிக்க."

"உங்கிட்டயும்தான் கோட்டு இருக்கு. அதக் குடுக்க வேண்டியதுதான?"

"என் கோட்ட எவ போடுவா, சியாவ்மான் அம்மா? புத்தியோட பேசு."

அவள் அவன் கிண்ணத்தை எடுத்துப் போய்க் கஞ்சியைத் தாழ்வார வாளியில் ஊற்றினாள்.

அவளுக்கு ஆத்திரம் மட்டும்தான் இருந்தது, நியாயம் இல்லை என்று பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அவள் முதலில் போனது யாவ் ரூயிங் வீட்டுக்குத்தான். மரியாதையோடு போனாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். கையில் மிச்சமிருந்த பச்சை நூலும், சியாவ்மானின் சிவப்பு ஸ்வெட்டரைப் பிரித்த நூலும். குழந்தையிடம் கேட்டு வாங்கிப் பிரித்திருந்தாள்.

"அண்ணி, அவரு தெரியாம எடுத்துட்டு வந்துட்டாரு. அது என் அளவுக்குப் பின்னினது. உங்க அளவு எடுத்துக்கறேன், இதவிட நல்லதாவே பின்னித் தர்றேன். அத மட்டும் குடுத்துடுங்க."

யாவ் ரூயிங் சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினாள்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கற பழக்கம் உங்க ஊர்ல உண்டா? உன் வீட்டுக்காரர் ரெண்டு கையாலயும் குனிஞ்சு நீட்டினாரு. ஆனா நீ வந்ததும் நல்லதாப் போச்சு. தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கு பாரு. அவசரத்துல பின்னினியா? இங்கயே உக்காந்து அதப் பிரிச்சு நேராக்கிக் குடு."

எனக்குக் காதில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஷூச்சின் எழுந்தாள். எழுந்ததும் அந்த வலது தோள் இறங்கியது. எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அது கண்ணில் பட்டதா, பட்டும் பேசாமல் இருந்தாளா, தெரியவில்லை. "அதுல பிழை ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷூச்சின் வெளியே வந்தாள்.

சனிக்கிழமை ஆலைக் குளியல் கூடத்தில் பெண்களுக்கு முறை. வெந்நீர் ஆவியில் ஆள் முகம் தெரியாது. குளித்து முடித்து, உடை மாற்றும் அறைக்கு ஷூச்சினும் நானும் வந்தோம். சுவர் ஆணியில் பச்சை ஸ்வெட்டர் தொங்கியது. ஒரு பக்கத் தோள் சரிந்து, யாரோ தலை குனிந்து நிற்பது போல.

ஷூச்சின் உடம்பைத் துடைத்தாள். அவசரப்படவே இல்லை. ஆணியிலிருந்து அதை எடுத்துத் தலை வழியாகப் போட்டு, கைகளை நுழைத்து, கீழே இழுத்து விட்டாள். அந்த நேரம் யாவ் ரூயிங் சோப்பு நுரையும் துண்டுமாக உள்ளே வந்தாள்.

"ஏய், அது என்னுது! கழட்டு! திருடி, எல்லாரும் பாருங்க, இவ திருடறா!"

"நல்லா பாக்கட்டும்" என்றாள் ஷூச்சின். பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். "பாருங்க. என் தோள் கோணல். இந்த ஆலை கிரேன்ல கோணினது. இந்த ஸ்வெட்டரும் கோணல். இவங்க உடம்பு நேரான உடம்பு. இது யாருக்குப் பின்னினதுன்னு நீங்களே சொல்லுங்க."

கையை மேலே தூக்கினாள், இறக்கினாள். ஒரு சுருக்கம் இல்லை. ஆவிக்குள்ளிருந்து யாரோ ஒருத்தி, "அளவெடுத்து வார்த்த மாதிரியில்ல இருக்கு!" என்றாள். ஒரு சிரிப்பு கிளம்பியது. யாவ் ரூயிங் துண்டை இறுக்கிக்கொண்டு, "உனக்கு வீடு வேணாமா? வேணாம்னா சொல்லிடு" என்றாள், பல்லைக் கடித்தபடி.

ஷூச்சின் பெஞ்சிலிருந்து இறங்கினாள். தான் போட்டு வந்த கையுறை நூல் ஸ்வெட்டரை மடித்து யாவ் ரூயிங்கின் துணிகளின் மேல் வைத்தாள்.

"வெளிய ஆத்துக் காத்து அடிக்குது அண்ணி. தலை வேற ஈரம். வெறுமனே போகாதீங்க. இதப் போட்டுக்கங்க. துவைச்சதுதான்."

அவள் அதைத் தொடவில்லை. கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு போனாள். அந்தப் பருத்தி ஸ்வெட்டரை நான்தான் எடுத்து வந்தேன்.

திங்கட்கிழமை தொழிற்சங்க அலுவலகத்தில் பெண்கள் பிரிவுத் தலைவி கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை. தலைவி நல்ல மாதிரியாகத்தான் தொடங்கினார்.

"ஷூச்சின், ஒரு ஸ்வெட்டர்மா. நூறு பேருக்கு முன்னாடி அதிகாரி வீட்டுப் பொம்பளய அவமானப்படுத்திட்ட. திருப்பிக் குடுத்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. ஒரு ஸ்வெட்டருக்காக வீட்ட இழப்பியா?"

"அப்ப வீட்டுக்கு விலை ஸ்வெட்டர்தானா, தோழர்? நீங்களே சொல்றீங்களே. எல்லாருக்கும் இதே விலையா, எனக்கு மட்டுமா?"

தலைவி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நடந்தத நான் பார்த்தேன், எங்க வேணா சொல்றேன்" என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "யாரும் எங்கயும் எதுவும் சொல்ல வேணாம். போங்க ரெண்டு பேரும்" என்றார்.

யாவ் ரூயிங் கொடுத்திருந்த புகார் அத்தோடு செத்தது. வீடும்தான். வேறு ஒரு குடும்பம் குடிபோயிற்று. குழந்தை இல்லாத, இரண்டே பேர் உள்ள குடும்பம். அவர்கள் செய்தித்தாளில் என்ன சுற்றிக் கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது.

பாங் மேல் எனக்குக் கோபம் அதிகம் இல்லை. அவர் மாதிரி ஆட்கள் எல்லா ஆலையிலும் உண்டு. எங்கள் தாழ்வாரத்துப் பெண்கள் பேசினார்களே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. "புருஷன் குடும்பத்துக்காகத்தானே செஞ்சான்?" "ஒரு துணிக்கு இந்தத் திமிரா?" "பாவம் சியாவ்மான், இவளால அந்தப் பொண்ணு இன்னும் அந்தக் கட்டில்லயே கெடக்கு." ஒவ்வொருத்தியும் கையில் ஊசியோடுதான் இதைச் சொன்னாள். ஒவ்வொருத்தியின் மடியிலும் புருஷனுக்கோ, புருஷனின் தம்பிக்கோ ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. "உங்க மேல இருக்கறதக் கழட்டி ஒருத்தன் எவளுக்கோ குடுக்கட்டும், அப்ப வந்து பேசுங்கடி" என்று அடுப்பில் சட்டியை டங்கென்று வைத்தேன். அதற்கப்புறம் வெகுநாள் எனக்கு யாரும் உப்புக் கூடக் கடன் கொடுக்கவில்லை.

ஷூச்சின் புத்தாண்டு அன்றைக்கு அந்த ஸ்வெட்டரைப் போட்டாள். மறுநாளும் போட்டாள். கிரேன் பெட்டிக்குள்ளும் அதோடுதான் ஏறினாள். பிரித்த சிவப்பு நூலைச் சியாவ்மானுக்கே திரும்பவும் பின்னிக் கொடுத்தாள், கழுத்தில் பச்சை வரி வைத்து.

தெங்குக்கு மட்டும் அவள் அதற்கப்புறம் பின்னவில்லை. சண்டையும் போடவில்லை, சோறு போட்டாள், பேசினாள். அவன் உடுப்பு முழங்கையில் கிழிந்தது. ஒரு நாள் தாழ்வாரத்திலேயே கேட்டான்:

"இதக் கொஞ்சம் பாக்கறியா?"

"பாத்தேன். கிழிஞ்சிருக்கு."

"தைக்க மாட்டியா?"

"தச்சு வச்சா, நாளைக்கு யாருக்குக் குடுப்ப?"

அவன் முகம் செத்துப் போயிற்று. அந்த நேரத்தில் எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்ததென்றால் பாருங்கள். பிறகு அவனே அதை எப்படியோ இழுத்துத் தைத்தான். காக்காய்க் கூடு மாதிரி இருந்தது. பட்டறையில் கேலி செய்தார்கள், கேட்டுக்கொண்டான். இன்னொரு குளிர்காலம் போனது. அதன் பிறகு ஒரு நாள் தானாகவே சொன்னான், அடுப்புக்குக் கரி போட்டபடி, என்னையும் வைத்துக்கொண்டு: "கேட்டுட்டுக் குடுத்திருக்கணும்." ஷூச்சின் நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "தெரியும்" என்றான் அவன். "அதனாலதான் கேக்கல."

அவனுக்கு அவள் மறுபடி பின்னத் தொடங்கியது அதற்கப்புறம்தான். பருத்தியில்தான், கம்பளியில் இல்லை.

பாங் வேறு ஆலைக்கு மாற்றலாகிப் போன பின், வேறு ஆட்கள் வந்து, ஷூச்சின் குடும்பத்துக்கும் வீடு வந்தது. மூன்றாவது மாடி, தனிச் சமையலறை. பாத்திரம் பண்டங்களை நானும் சுமந்து ஏறினேன். புது அறையில் நின்று தெங் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டான்.

"அன்னிக்கே வந்திருக்கும்."

ஷூச்சின் ஜன்னல் இடுக்கில் பருத்தி நூலைத் திணித்துக் காற்றை அடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்:

"வந்திருக்கும். இந்த ஜன்னலுக்குப் பக்கத்துல நான் குளிர்ல நடுங்கிட்டு இருந்திருப்பேன். அந்தச் சட்டியை இங்க கொண்டா."