சித்தி திருப்பி அனுப்பிய ரேடியோக்கள்

எங்கள் வீட்டுப் பழைய ரேடியோ செத்துப்போன வருடத்தில்தான் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. இரண்டில் எது பெரிய செய்தி என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், ரேடியோ என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு ஒன்பது வயது.

அப்பா பொதுப்பணி இலாகாவில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஜப்பான் சண்டை முடிந்து ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடமிருந்து அந்த ரேடியோவை வாங்கியிருந்தார். திருகியதும் அது பேசிவிடாது. உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். அதற்குள் அம்மா குழம்பைத் தாளித்து இறக்கிவிட்டு வந்துவிடுவாள். பிறகு சளி பிடித்த மனிதர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல் எழும்பும். தலையில் ஓங்கித் தட்டினால் கொஞ்சம் தெளியும். தட்டும் உரிமை அப்பாவுக்கு மட்டும். ஒரு நாள் அவர் தட்டியபோது பின்பக்கத்திலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. அதோடு சரி.

மெர்டேக்காவுக்கு, அந்தச் சுதந்திர நாளுக்கு, இரண்டு மூன்று மாதம்தான் இருந்தது. மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் ரேடியோ இருந்தது எங்களிடம் மட்டும். கோலாலம்பூரில் கொடி ஏறுவதைக் கேட்க அக்கம்பக்கம் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதனால் அதற்குள் புது ரேடியோ வந்தாக வேண்டும் என்று அப்பா முடிவெடுத்தார். சிலோனும் மெட்ராஸும் எடுக்க வேண்டும், தன்னுடைய இசைத்தட்டுப் பெட்டியை அதில் மாட்டிக் கேட்க வசதி வேண்டும் என்பவை அவருடைய நிபந்தனைகள். சாமி படத்துக்குக் கீழே உள்ள மேசையில் அடங்க வேண்டும் என்பது அம்மாவுடையது.

நல்லது கெட்டதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு மட்டும் சித்திக்குப் போயிற்று.

சித்தி அம்மாவின் தங்கை. ஜப்பான் சண்டையின்போது தாத்தா சயாம் ரயில் போடப் போய்த் திரும்பாமல் போன பிறகு எங்களோடு இருந்தாள். இருபத்து நான்கு வயது. பகலெல்லாம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அப்படியே திருப்பிப் பாடுவாள். "எனக்கு ஆபீஸ், உங்க அக்காவுக்கு அடுப்பு. கேக்கப் போறது நீதாம்மா. நீ எது நல்லாருக்குன்னு சொல்றியோ அதுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தியின் கல்யாணத்துக்காக அப்போது மூன்று ஊர்களுக்கு ஜாதகம் போயிருந்தது. அதைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி சித்தியை விட்டது ரேடியோ விஷயத்தில்தான்.

கடைத்தெருவில் ரேடியோ விற்ற சீன முதலாளி, வீட்டில் ஒரு வாரம் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பிடித்தால் போதும் என்றார். அவரிடம் வேலை பார்த்தவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முதல் ரேடியோவைக் கொண்டுவந்தார். சைக்கிள் கேரியரில், பழைய கைலி ஒன்றில் குழந்தையைப் போலச் சுற்றி, ரப்பர் பட்டையால் கட்டியிருந்தார். ஒல்லியாக, உயரமாக, நெற்றியில் திருநீற்றுடன் இருந்தார். தமிழர் என்றெண்ணி அம்மா மளமளவென்று பேச, அவர் திகைத்துப்போய்ச் சிரித்தார்.

"தமிழ் சிக்கிட் சிக்கிட்தான் அக்கா. கொஞ்சம் கொஞ்சம்."

எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய கம்போங் செட்டிதான் அவருக்கு ஊர். எத்தனையோ தலைமுறைக்கு முன்பு வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்களின் வம்சம். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், வீட்டில் மலாய் பேசுவார்கள். அப்பா அவரிடம் பிடிவாதமாகத் தமிழில்தான் பேசினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. அம்மாவை அவர் அக்கா என்றார், அப்பாவை ஐயா என்றார், என்னை அடேக் என்றார், தங்கச்சி என்று அர்த்தம். சித்தியை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

முதல் ரேடியோ தவிட்டு நிறத்தில், வழவழவென்று, பெரிய சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் வந்து கேட்டபோது சித்தி தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"கரகரன்னு இருக்கு."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "பிசிங்" என்று மலாயில் உதவப் போனாள். சித்தி விடவில்லை. "பிசிங் இல்ல அக்கா. இரைச்சல் வேற, கரகரப்பு வேற" என்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, ஆங்கில எழுத்தில் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "கர கர." சித்தி சிரித்துவிட்டாள். சித்திக்கு மலாய் வராது என்பதல்ல. மீன்காரனிடம் மலாயிலேயே சண்டை பிடித்து ஜெயித்துவிட்டு வருவாள். அவரிடம் மட்டும் தமிழ் தவிர ஒரு சொல் வராது.

இரண்டாவது ரேடியோ மரப்பெட்டி. மேசையில் அடங்கியது, அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியும் அதில் ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்கு முழுத் திருப்தி. சித்திக்கு இல்லை. "பொம்பளைங்க பாடினா குரல் அடைச்ச மாதிரி இருக்கு அத்தான்" என்றாள். அப்பா காதைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கு எதுவும் அடைத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் தட்டித் தட்டிப் பழைய ரேடியோவில் பாட்டுக் கேட்டவர் அவர். தன் காதின் மேல் அவருக்கே நம்பிக்கை கிடையாது. ரேடியோக்காரர் "அடைச்ச" என்று எழுதிக்கொண்டார். வாரத்தின் நடுவிலும் ஒரு நாள் வந்து, ரம்புத்தான் மரத்தில் ஏறி, ஏரியல் கம்பியை இன்னும் உயரத்தில் கட்டிப் பார்த்தார். "விழுந்துடப் போறாரு, பார்த்து இறங்கச் சொல்லு பாப்பா" என்று சித்தி என்னிடம் சொன்னாள். நான் போய்ச் சொன்னேன். அவர் மரத்திலிருந்தபடியே "விழுந்து... என்ன அது?" என்று கேட்டார். நான் தரையில் தொப்பென்று விழுந்து காட்டினேன். அன்றைக்கு அந்தச் சொல்லும் நோட்டில் ஏறியது.

ஒரு தடவை ரேடியோக்காரர் தங்கள் கோயில் பூஜை முடிந்து, வாழையிலையில் குங்குமமும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவந்தார். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம், "நம்ம சாமியத்தான் கும்புடுறாங்க, பாவம் நல்ல பிள்ள" என்று அம்மா மெதுவாக ஆரம்பித்தபோது, அப்பா, "சாமி ஒண்ணுதான். பேச்சு போயிடுச்சே" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். ரேடியோவைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

மூன்றாவது ரேடியோவோடு எனக்கு வேறு உலகம் திறந்தது. அதன் நெற்றியில் ஒரு பச்சைக் கண் இருந்தது. நிலையம் சரியாக அகப்பட்டால் அது தூக்கம் வந்ததுபோல மெல்லச் சுருங்கும், நழுவினால் விழித்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேசைக்கடியில் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வேன். வெளியே மத்தியான மழை பெய்யும். சித்தி எழுந்து வந்து முள்ளை மெதுவாகத் திருகுவாள். சீனப் பாட்டு ஒன்று வரும், அது கரைந்து சீழ்க்கையாகும், சீழ்க்கைக்குள்ளிருந்து யாரோ எந்த நாட்டுப் பாஷையிலோ மிகவும் வருத்தமாகப் பேசுவார்கள், அதையும் தாண்டினால் சிலோனில் புல்லாங்குழல். சூடான மரமும் தூசியும் கலந்த ஒரு வாசனை மேலிருந்து இறங்கும். கண்ணாடியில் சைகோன், கல்கத்தா, மணிலா என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக எழுதியிருக்கும். மலாக்கா இல்லை. எங்கே இருக்கும் என்று ரேடியோக்காரரிடம் கேட்டேன். சைகோனுக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே வெறும் கண்ணாடியை விரலால் தொட்டு, "இங்க. நம்ம எல்லாம் இங்க" என்றார். சித்தியும் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். மூன்று பேர் முகமும் பச்சையாகக் கண்ணாடியில் தெரிந்தது.

இந்த ரேடியோ எங்களுடையதாகத்தான் ஆக வேண்டும் என்று அன்றே மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். மெர்டேக்காவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் வழக்கம்போல மேசைக்கடியில் படுத்திருந்தேன். ரேடியோவுக்குப் பின்னால் சித்தியின் கை வந்தது. ஊசி குத்திய விரல்கள். அவை தடவித் தடவி ஏரியல் கம்பியைத் தேடின, கண்டுபிடித்தன, மெல்ல வெளியே இழுத்தன. மேலே பாடிக்கொண்டிருந்தவரின் குரல் அமிழ்ந்துபோயிற்று. சித்தி திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். ஏதோ தூசி துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

சைக்கிள் மணி கேட்டது. அவர் உள்ளே வந்தார். அப்பா கை கழுவிக்கொண்டு வந்து, "என்னம்மா, இதாவது தேறுமா?" என்று கேட்டார்.

"இடையில இடையில நின்னு போவுது அத்தான்."

"இதுவுமா?"

ரேடியோக்காரர் திருகிப் பார்த்தார். வெறும் இரைச்சல். குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் மேசைக்கு அந்தப் பக்கத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தொங்கிக்கொண்டிருந்த கம்பி அவர் மூக்குக்கு நேரே இருந்தது. அதைத் தொடாமல் விட்டார். பிறகு நிமிர்ந்து, "ஆமா ஐயா. இது சரி இல்ல. எடுத்துட்டுப் போறேன். அடுத்த சனி வேற ஒண்ணு" என்றார். கைலியையும் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பச்சைக் கண் போகப்போகிறது. நான் மேசைக்கடியிலிருந்து உருண்டு வெளியே வந்தேன்.

"இல்லப்பா! நல்ல ரேடியோதான்! சித்திதான் பின்னால கம்பியக் கழட்டி விட்டாங்க, நான் பார்த்தேன்!"

மெஷின் சத்தம் நின்றது. அப்பா ரேடியோவை ஒரு பக்கமாகத் திருப்பினார், கம்பியை எடுத்துச் செருகினார். கண் சுருங்கிற்று. பாட்டு நிறைந்து வந்தது, ஒரு கரகரப்பும் இல்லாமல்.

"நான்தான் கழட்டினேன்" என்றார் ரேடியோக்காரர்.

அவர் தடுமாறாமல், தேடாமல் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். எனக்கோ கோபம் வந்துவிட்டது. "பொய்யி! நீங்க அப்போ வரவே இல்ல! சித்திதான்!"

அப்பா சித்தியைப் பார்த்தார். அவள் ஊசிக்குக் கீழே இருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றாள். பிறகு அப்பா அவரிடம் மலாயில் பேசினார். குரலை உயர்த்தவில்லை. இந்த ரேடியோவே போதும், கடையில் சொல்லிவிடு, இனி நீ வர வேண்டிய வேலை இல்லை என்றார். அதுவரை அப்பா அவரிடம் மலாய் பேசி நான் கேட்டதில்லை. அவர் தலையை ஆட்டினார், கைலியை நான்காக மடித்தார், வெறும் கேரியரில் வைத்துக் கட்டினார். அடேக் என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தேன். போய்விட்டார்.

எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. நான் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் தை பிறந்ததும் சித்திக்குத் தைப்பிங்கில் கல்யாணம் ஆயிற்று. சித்தப்பா ரயில்வேயில் இருந்தார், சாது. நான்கு பிள்ளைகள். தீபாவளிக்கு வந்தால் சித்தி எங்கள் ரேடியோவைத் திருகிப் பாட்டுக் கேட்பாள், கூடவே பாடுவாள். குறை சொல்லும்படி ஒன்றுமில்லாத வாழ்க்கை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ரேடியோவைப் படித்துத் தெரிந்த ஒரு மனிதருக்கு, முதல் பெட்டியில் கரகரப்பு இல்லை என்பதும் இரண்டாவதில் குரல் அடைக்கவில்லை என்பதும் தெரியாமலா இருந்திருக்கும் என்ற கேள்வி எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான், பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, திடீரென்று வந்தது. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

மெர்டேக்கா அன்று காலையில் எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை. தெருவே வந்திருந்தது. நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரி மாதிரி நின்றேன். கோலாலம்பூரில் கூட்டம் "மெர்டேக்கா" என்று முழங்கியபோது எங்கள் கூடமும் சேர்ந்து முழங்கியது. சாமி படத்தின் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு இடத்தில்கூட ஒலி அறுபடவில்லை. சித்தி எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அவள் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நான் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"பார்த்தீங்களா சித்தி, ஒரு தடவகூட நின்னு போகல. நல்ல ரேடியோதானே?"

சித்தி தம்ளர்களைக் கீழே வைத்தாள். என் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நல்ல ரேடியோதான் பாப்பா" என்றாள். "எனக்குத்தான் காது சரியாக் கேக்கல போல."

எனக்குப் பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு வெகுநாள், சித்தியிடம் எது சொல்வதானாலும் பக்கத்தில் போய், சத்தமாகவே சொன்னேன்.