இசக்கி ஊர்க் கடல்

இன்று பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஓசூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். பக்கத்துச் சுவரில் குழந்தைகளை நிறுத்தி எடுக்கும் திரை தொங்கியது. நீல அலைகள், மூலையில் ஒரு கலங்கரை விளக்கம். "சார், இங்க பாருங்க" என்று ஸ்டூடியோக்காரர் இரண்டு தரம் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் ஓசூர் பக்கத்துத் தளிக்காரன். இருபத்து மூன்று வயது வரை கடலைப் பார்த்ததில்லை. பார்த்தபின் பைத்தியம் பிடித்துவிட்டது. கம்பெனியில் முதல் போனஸ் வந்ததும் கேமரா வாங்கினேன். லீவு கிடைத்தால் கடற்கரைக்கு பஸ் ஏறிவிடுவேன். அலைகள், கலங்கரை விளக்கங்கள், வேறொன்றும் எடுப்பதில்லை. பாதிப் படங்களில் கோபுரம் சாய்ந்திருக்கும். பழியைக் காற்றின் மேல் போட்டுவிடுவேன்.

அவற்றைப் பார்க்க இருந்த ஒரே ஆள், என் அறையில் தங்கியிருந்த இசக்கி. அவனுக்குத் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன், ஆறு வருடமாக வீட்டுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. ஒரு பொங்கல் லீவில் அவனாகச் சொன்னான்: "எங்க ஊரு லைட்ஹவுஸ எடுத்துட்டு வாயேம்ல. எம்பேர மட்டும் சொல்லிராத."

எனக்கு வாய் நிற்காதே. அங்கே டீக்கடையில் உளறிவிட்டேன். மணலை வாரி அடிக்கும் காற்றில் கேமராவைச் சட்டைக்குள் மறைத்து நின்றபோது, அவன் தங்கை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"எங்கண்ணன் நல்லா இருக்கானா? அப்பா செத்து எட்டு மாசமாச்சு. எங்க போயி அவங்கிட்டச் சொல்ல?"

தன்னை ஒரு படம் எடுத்துப்போய்க் காட்டச் சொன்னாள். எடுத்தேன்.

மறுநாள் அறையில் கேமராத் திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினேன். விஷயத்தைச் சொல்லத் தைரியமில்லாமல் ஒவ்வோர் அலைக்கும் ஒரு கதை அளந்தேன். இசக்கிக்கு ஒரே குஷி. "இந்தப் பாறைகிட்டதாம்ல அப்பா எனக்கு நீச்சல் பழக்குனாரு" என்றான். கடைசியாகத் தங்கை வந்தாள், பாதி முகத்தை முடி மறைக்க.

"இவ மட்டுமா வந்தா? அப்பா வரலியா?"

நான் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த சட்டைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

காலையில் ஊருக்குப் போக அவனைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "வந்துருவேம்ல" என்றான். வரவில்லை. சில மாதங்களில் அவன் நம்பரும் மாறிப்போனது.

அந்த அறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. என் கேமராவுக்கு பேட்டரி எங்கும் கிடைப்பதில்லை. போன வருடம்கூட ஒரு கடற்கரைக்குப் போய், போனில் நிறைய எடுத்துக்கொண்டு வந்தேன். ஓசூரில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். "அலை எப்படில இருந்துச்சு?" என்று கேட்க ஆளில்லை.